எழுநூற்றெட்டு

அட்டையில் என் பெயர்
வெள்ளி எழுத்தில் மேடிட்டிருக்கிறது.
கண்ணை மூடித் தடவினாலும் நான்தான்.
வாஷிங் மெஷின் மட்டும்
றோஸ்லெட் அக்காவினுடையது.

அக்காவிடம் சம்பளச் சீட்டு இல்லை.
கருங்கல் அண்டி ஆபீசில் அண்டி உடைக்கிற கூலி
கவரில் வரும்,
கவர்மேல் பெயர்கூட இருக்காது.
தோட்டெண்ணெய் பட்டு விரல் வெந்து
ஈரப் போர்வையைப் பிழிய முடியாமல்
வாளியை அப்படியே வைத்துவிட்டு அழுதாளாம்.
மதிலுக்கு இப்புறமிருந்து கேட்டவள் என் மனைவி.
அந்தச் சனிக்கிழமையே
மார்த்தாண்டம் கடையில் என் அட்டையை உரசினேன்.
ஒன்பது தவணை,
மாதம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

இரண்டாம் தேதி சாயங்காலம் தவறாமல் வருவாள்.
நாலாய் மடித்த நோட்டுகளில்
கரிந்த தோட்டின் வாசம்.
"எண்ணிப் பாரு" என்பாள்.
எண்ண மாட்டேன்.
அது என் மரியாதை.

நாலாவது மாதம்
அந்தப் பணம் என் சட்டைப்பையில் ஏறி
மேம்பாலத்துக்குக் கீழே இறங்கிப் போயிற்று.
பெட்ரோல். மூன்று பேருக்குப் பரோட்டா.
மகனுக்கு ஒரு பந்து.
சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம்.
ஐந்தாம் தேதி ஞாயிறு,
பூசை முடிந்து வந்து உறங்கினேன்.
ஆறாம் தேதி சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது,
அதுவும் உண்மைதான்.
சலுகை நாள்களை மழை கொண்டுபோயிற்று.
ஒன்பதாம் தேதி காலை குறுஞ்செய்தி:
தாமதக் கட்டணம் அறுநூறு,
வரி நூற்றெட்டு.

புதுக்கடை பஸ்ஸுக்கு நின்ற அக்காவிடம்
வண்டியை நிறுத்தினேன்.
"லேட் பீஸ் வந்திருக்கு அக்கா."

வந்திருக்கு.
மழை வந்ததுபோல,
விருந்தாள் வந்ததுபோல.
யார் கூட்டி வந்தது என்று
அந்த வாக்கியத்தில் இல்லை.

அவள் கொஞ்சநேரம் யோசித்தாள்.
"ரெண்டாந்தேதியே தந்தேனே" என்பாள் என்று
கழுத்தை விறைத்துக் காத்திருந்தேன்.
"நம்ம ரூவா பேங்குல போய்ச் சேர
ரெண்டு மூணு நாள் பிடிக்கும் இல்லியா மக்கா?
இனி ஒண்ணாந்தேதியே தாறேன்."
தலையாட்டினேன்.

மறுநாள் கொண்டுவந்து தந்தாள், எழுநூற்றெட்டு.
எட்டு ரூபாய் சில்லறையாக:
ஓர் ஐந்து, மூன்று ஒன்று.
மேலே விழுந்த வட்டியை நானே போட்டுக்கொண்டேன்.
அதைப் பெருந்தன்மை என்று
இரண்டு வாரம் நம்பினேன்.

நாணயங்களைச் செலவழிக்க முடியவில்லை.
ஸ்கூட்டரின் முன்பெட்டியில் கிடந்து
பள்ளம் விழும்போதெல்லாம் குலுங்கின.
கருங்கல் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

ஒரு மத்தியானம் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன்.
இருபது நிமிடம் இசை.
பிறகு ஒரு பெண்குரல்,
"எதனால தாமதம் சார்?"
சர்வர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"கையில காசு இருந்தது. நான் கட்டல்ல."
அந்த வினைக்கு
அன்றுதான் எழுவாய் கிடைத்தது.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.
"மத்த மாசமெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கீங்க,
இந்த ஒரு தடவை தள்ளுபடி பண்றோம்."
ஒழுங்காகக் கட்டியது யார் என்று
அவள் திரையில் இல்லை.

எழுநூற்றெட்டு என் கணக்குக்குத் திரும்பிவிட்டது.
அக்காவிடம் கொடுக்க வேண்டும்,
கொடுக்க வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும்.
"பேங்க்காரன் திருப்பித் தந்துட்டான்" எனலாம்.
அதுவும் உண்மைதான்,
சர்வர் சுற்றியதுபோல.

நோட்டுகளையும் அந்தச் சில்லறையையும்
கைக்குள் பொத்திக்கொண்டு மதிலருகே போனேன்.
அந்தப் பக்கம் மெஷின்
கடைசிச் சுற்றில் கிடுகிடுத்தது.
போர்வையை உதறிக்கொண்டிருந்தவள்
என் கையைப் பார்க்கவில்லை,
முகத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்கு இருபத்தெட்டுதானே மக்கா?
சம்பளம் இன்னும் கிட்டல்ல."